இடது மூலையில் ஒரு முக்கோணம்

படம் தொடங்குவதற்கு முன்னால் திரையில் ஒரு காகிதத்தைக் காட்டுவார்கள். சென்சார் சர்டிபிகேட். அது வரும் நேரத்தில் தியேட்டரில் யாருக்கும் அதன்மேல் கண் இருக்காது. முறுக்குக்காரரைக் கூப்பிடுகிறவர்கள், பிள்ளையை மடி மாற்றுகிறவர்கள், முன்வரிசைக்காரியின் கொண்டை மறைக்கிறது என்று சண்டைக்கு நிற்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அது வெறும் காகிதம். ஆண்கள் பக்கத்திலிருந்து மட்டும் எவனாவது ஒருத்தன் பதினாறு ரீல் என்று கத்துவான். ரீல் ஜாஸ்தி என்றால் அங்கே விசில் பறக்கும்.

நானும் என் நாத்தனாரும் அப்படியில்லை. காகிதம் திரையில் விழுந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். படத்தின் பெயரைப் பார்க்க மாட்டோம். ரீல் கணக்கைப் பார்க்க மாட்டோம். கொழுத்து நிற்கிற A என்ற எழுத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். எங்களுக்கு வேண்டியது கீழே, இடது மூலை. அங்கே சின்னதாக ஒரு முக்கோணம் போட்டிருக்கும். அதைக் கண்டதும் அவள் என் தொடையில் ஒரு தட்டு தட்டி, "கீது அண்ணி" என்பாள். அப்புறம்தான் இருவரும் சாய்ந்து உட்காருவோம்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கரும்பும் நெல்லும் வைக்கிற ஊர். நான் பத்தாவது பாஸ் செய்துவிட்டு மருமகளாக அங்கே போனவள். பிறகு பால்வாடி டீச்சரானேன். நாத்தனார் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. என்னைவிட நாலு வயது சின்னவள், இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் போன முதல் வாரம், மற்றப் பெண்கள் எல்லாம் என் புடவையை எண்ணிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேய்ப்படம் பார்ப்பீர்களா அண்ணி என்று கேட்டாள். ஜுரத்தோடுகூடப் போய்ப் பார்ப்பேன் என்றேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவள்தான்.

பேய்ப்படம் எனக்கு ஏன் பிடித்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. குடும்பப் படத்தில் மாமியார் திட்டுவார், மருமகள் அழுவாள். அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்குப் பஸ் ஏறிப் போவது? பேய்ப்படத்தில் ஒரு பெண் சும்மா தலையை விரித்துக்கொண்டு நடந்து வருவாள், ஆறடி ஆம்பிளைகள் எல்லாம் வேட்டி அவிழ ஓடுவார்கள். எங்களைப் பார்த்து எங்கள் வீட்டில் ஒரு கோழிகூடப் பயந்ததில்லை. இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது உடம்பெல்லாம் சிலிர்த்துப் போகும். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வரும். அந்த மாதிரி வேறு எதிலும் வந்ததில்லை, கோயிலில்கூட.

ஆனால் ஒரு தொல்லை. எங்கள் பக்கத்தில் A என்றால் அசிங்கப் படம் என்றுதான் அர்த்தம். பேய்க்கும் அதே எழுத்தைத்தான் போடுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பெண்கள் டிக்கெட் எடுக்கும் குறுகலான சந்தில் நாங்கள் போய் நின்றால் டிக்கெட் கொடுப்பவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, இது A படம்மா, தெரிஞ்சுதான் வந்தீங்களா என்று இழுப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுதப் படிக்கத் தெரியும், டிக்கெட்டைக் கிழியுங்கள் என்பேன். அவரும் ஒரு தடவைகூடக் கேட்காமல் விட்டதில்லை, நானும் ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டதில்லை.

முக்கோணத்தைக் கண்டுபிடித்தவள் நாத்தனார்தான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அம்மாவுக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஏதோ பிடித்துக்கொண்டது என்று கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார்களாம். அவர் தரையில் மஞ்சளால் முக்கோணம் போட்டு, நடுவில் எலுமிச்சம்பழத்தை வைத்து, மூன்று பக்கமும் அடைத்தாகிவிட்டது, இனி இது வெளியே வராது என்றாராம். அந்த முக்கோணத்தை அவள் மறக்கவில்லை. நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் பேய்ப்படத்தில் சர்டிபிகேட்டின் மூலையில் அதையே பார்த்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கவுருமெண்டு பேயக் கட்டிட்டுத்தான் அண்ணி நம்மகிட்ட காட்டுது. இல்லன்னா இத்தினி பேரு பாத்துட்டு வூட்டுக்குப் போறோம், ஒருத்தி பின்னாலயாச்சும் அது வராதா?"

நான் பத்தாவது பாஸ். சிரித்தேன். அரசாங்க ஆபீசர்களுக்கு மந்திரம் போடுவதா வேலை என்று கேட்டேன். பின்னே அந்தக் காகிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் எதற்கு என்று திருப்பிக் கேட்டாள். பஸ்ஸைவிட்டு இறங்கி, கரும்புத் தோட்டத்து ஓரமாக இருவரும் வீட்டுக்கு நடந்தபோது பின்னால் ஏதோ சலசலத்தது. மூலையில் முக்கோணம் இருந்தது, முக்கோணம் இருந்தது என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் நடந்தேன். படிப்பெல்லாம் வெளிச்சத்தில்தான் வேலை செய்கிறது.

கொஞ்ச நாளில் தெரு முழுக்க இது பரவிவிட்டது. எந்தப் படத்துக்குப் போய் வந்தாலும் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி, கட்டுப் போட்ட படமா என்பதுதான். ஆமாம் என்றால் வயசுப் பெண்களைக்கூட அனுப்பினார்கள். சென்னையில் ஆபீசர்கள் உட்கார்ந்து U, A என்று பிரித்துக்கொண்டிருக்க, எங்கள் தெருவில் கட்டுப் போட்டது, போடாதது என்று நாங்கள் தனியாக ஒரு சென்சார் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு முறை ஒரு குடும்பப் படத்தின் சர்டிபிகேட்டில் முக்கோணம் இருந்துவிட்டது. நாத்தனார் கடைசி சீன் வரை பேய்க்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வெளியே வந்ததும், அந்த மாமியாராக நடித்ததுதான் பேய், கட்டிப்போட்டதால் வெளிப்படையாகக் காட்ட முடியவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவே இல்லை.

நாங்கள் சேர்ந்து பார்த்த பேய்ப்படங்கள் ஒன்பது. ஒன்பதிலும் மூலையில் முக்கோணம் இருந்தது.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை எங்கள் பக்கத்து ஆள்தான், ஆனால் மலைமேல் வெள்ளிமலையில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடுக்காயும் புளியும் வாங்கிக் கீழே அனுப்புவார், கீழேயிருந்து அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே கொண்டுபோவார். நல்ல மனிதர். அவருடைய அம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். நாத்தனாருக்கு முதல் கர்ப்பம் நாலாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்கப்புறம் அந்த அம்மா எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னார், மூன்றாவதும் தங்கவில்லையென்றால் மகனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டியதுதான் என்று. மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்கள் பாதிப் பேர் இப்படித்தான், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் கடைக்குள் போய் எதையாவது நிறுத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது தங்கியது. ஐந்தாம் மாதம், எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்காகப் பத்து நாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். அவளை எல்லோரும் பச்சை முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார்கள். குனியாதே, நிமிராதே, வாசலில் உட்காராதே, சாவு வீட்டுத் தெருவில் போகாதே. அவள் எதற்கும் பதில் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் என்னைப் பேசவிடாமல் பேசுகிறவள். எனக்கு அதைக் காணச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. சென்னையில் ஓடி முடித்து ஒரு வருஷம் கழித்து வருகிறது. சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, அதைப் பார்த்து ஒரு ஆள் தியேட்டரிலேயே மயங்கி விழுந்தான் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஒரு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அதற்குத்தான் காத்திருந்தோம். போஸ்டரில் A-யைவிடப் பெரிதாக ஒரு வாசகம் போட்டிருந்தார்கள்: கர்ப்பிணிப் பெண்களும் இதய பலவீனம் உள்ளவர்களும் பார்க்க வேண்டாம். நான் அதை அவளிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. வாசித்துக் காட்டினேன். பல நாளைக்குப் பிறகு அவள் கண்ணில் பழைய ஆளைப் பார்த்தேன்.

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன், சத்தியமாக. இரண்டு நாள் நச்சரித்தாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். உள்ளே போவோம், காகிதத்தைப் பார்ப்போம், கட்டு இருந்தால் உட்காருவோம், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுவோம். கட்டிப்போட்ட பேய் வயிற்றுப் பிள்ளையை என்ன செய்துவிடும்? ஒன்பது படத்தில் ஒன்றும் செய்யவில்லையே. கையை நீட்டினாள். நான் அதன்மேல் என் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். மாமியாரிடம் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு மதியானப் பஸ்ஸில் ஏறினோம்.

மேட்னி ஷோ. தகரக் கூரை கொதித்தது. டிக்கெட்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர், அவள் வயிற்றைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். ஜாக்கெட் துணி எடுத்து வந்திருந்த மஞ்சள் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவள் விறைப்பாக நின்றாள். உள்ளே கூட்டம் நெரிந்தது. நியூஸ்ரீல் ஓடி முடிந்தது. விளக்கு அணைந்தது. காகிதம் வந்தது.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று தன் பிள்ளையை முதுகில் சாத்த ஆரம்பித்தாள். சரியாக நாத்தனாருக்கு நேராக. நான் வலது பக்கம் சாய்ந்து பார்த்தேன். இடது மூலை வெறுமையாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். முக்கோணம் இல்லை. காகிதம் போய்விட்டது.

"போட்டுக்கீறாங்களா அண்ணி?" என்று காதோரம் கேட்டாள்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் காத்திருந்த படம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது, முதல் சத்தம் கிளம்பிவிட்டது. எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. "போட்டுக்கீறாங்க" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

அவள் என் தொடையில் தட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை. அதற்கு முன்னால் பார்த்த ஒன்பதும் பேய்ப்படம் என்றால் இதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும். ஒரு பெண் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாருகிறாள். யாரோ கூப்பிட, சீப்பை வைத்துவிட்டுப் போகிறாள். கண்ணாடிக்குள் இருப்பவள் போகவில்லை. அங்கேயே நின்று வாரிக்கொண்டிருக்கிறாள். பாட்டு இல்லை, இடி மின்னல் இல்லை, சீப்பு மயிரில் இறங்குகிற சத்தம் மட்டும். வாரவாரக் கூந்தல் நீண்டுகொண்டே போகிறது. அவ்வளவு பெரிய தியேட்டரில் ஒரு விசில் இல்லை. நாலணாவுக்குக் கடலை விற்றுக்கொண்டு வந்தவர் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். ஒரு வெள்ளைத் துணிமேல் வெளிச்சத்தை விட்டு இத்தனை பேரின் மூச்சைப் பிடித்து நிறுத்த முடியுமா என்று நான் வாயடைத்துப் போனேன். என் கல்யாணச் சீராக வந்த கண்ணாடி பீரோ வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது.

இடைவேளையில் நாத்தனார் இரண்டு முறுக்கு தின்றாள். என்னால் ஒரு வாய் டீகூட இறக்க முடியவில்லை.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடிக்குள் இருந்தவள் வெளியே வந்துவிடுகிறாள். வீட்டில் ஒரு தொட்டில். அவள் அதை நோக்கிப் போகிறாள். ஓடவில்லை, பறக்கவில்லை, வீட்டுக்காரி நடக்கிற மாதிரி சாதாரணமாக நடக்கிறாள். தொட்டில் துணியை விலக்குகிறாள். என் நாத்தனார் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். அந்தக் கணம் உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. லேசான அசைவு இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி என் உள்ளங்கையில் விழுந்தது. திரையில் அவள் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தொடவில்லை. அவ்வளவு பெரிய பயத்துக்கு நடுவில் ஒரு உயிர் என் கையைத் தொட்டது. அடுத்த நொடியே மூலையின் வெறுமை ஞாபகம் வந்தது. இது எதைப் பார்த்து உதைக்கிறது? கட்டு இல்லாத ஒன்றின் எதிரில் இதைக் கொண்டுவந்து உட்கார வைத்தவள் நான்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவள் மெதுவாகச் சொன்னாள், தியேட்டரில் உதைத்ததுதான், அதற்கப்புறம் ஒரு அசைவும் இல்லை என்று. ஆஸ்பத்திரிக்கு இப்போதே போவோம் என்றேன். சில நாள் தூங்கும் அண்ணி, யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் எங்கே போனோம் என்று கேட்பார்கள் என்றாள். அன்று மதியானமே மாப்பிள்ளை வந்து அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

அப்போது மலையில் யாரிடமும் போன் கிடையாது. எங்கள் வயலுக்கோ மில்லிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்துவிட்டது. வெட்டு ஆட்களுக்குச் சோறு பொங்குவதும் பால்வாடியுமாக என்னால் நகர முடியவில்லை. ஒன்பது நாள். பீரோக் கண்ணாடிமேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினேன். என் வீட்டுக்காரர் என்ன என்று கேட்டதற்குத் தூசி என்றேன். பொய்மேல் பொய். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், அடுத்த நிமிஷம் மாரியம்மா காப்பாற்று என்பேன். ஒரு சினிமாவுக்காக இப்படிச் செய்துவிட்டாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டே குழம்பு தாளிப்பேன்.

பத்தாம் நாள் பால்வாடி மீட்டிங் என்று கள்ளக்குறிச்சி போனவள் நேராக அந்தத் தியேட்டருக்குப் போனேன். படம் மாறியிருந்தது. எனக்கு வேண்டியது ஆபரேட்டர். ஒருவேளை முக்கோணம் இருந்து, என் கண்ணில் படாமல் போயிருக்கலாம் அல்லவா? ஆபரேட்டர் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தார். கூச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்க, கட்டு விஷயத்தைச் சொன்னேன். மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் வேறொரு படத்தின் துண்டு பிலிமைக் கொண்டுவந்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நகக்கண் அளவில் சர்டிபிகேட். அதன் மூலையில் எறும்புத் தலை மாதிரி முக்கோணம்.

"வெட்டுனதுக்கு அடையாளம்மா இது. ஆபீசருங்க பாத்துட்டு, இது ஜனங்களுக்கு ஆவாதுன்னு வெட்டிடுவாங்க. வெட்டுனா முக்கோணம் போடணும். நீங்க சொல்ற படத்துல ஒரு இஞ்சு வெட்டல. A குடுத்து அப்படியே உட்டுட்டாங்க. முழுசா பாத்துக்கீறீங்க."

அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. கட்டும் இல்லை, பேயும் இல்லை, வெறும் கத்தரிக்கோல். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. நான் பொய் சொன்னபோது இது எனக்குத் தெரியாதே. கட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் இருக்கிறது என்று சொன்னேன். பேய் பொய்யாகப் போனாலும் நான் செய்தது செய்ததுதான். அதோடு, அந்தப் பிள்ளை அசைந்ததா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு நாள் கேட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு யோசனை. இந்நேரம் கடை வாசலில் கூட்டமாக நிற்பார்களோ, என்னைப் பார்த்ததும் அந்த அம்மா வாயில் துணியை வைத்துக்கொள்வாரோ என்று. வெள்ளிமலையில் இறங்கியபோது குளிர் காற்று அடித்தது, எனக்கோ ஜாக்கெட் நனைந்திருந்தது. கடை வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, வா என்றார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. என்றைக்கும் முடிந்ததில்லை.

நாத்தனார் உள்ளேயிருந்து வந்தாள். வயிறு இருந்தது. பெரிதாகியிருந்தது. அவள் என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் பலாமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள், அன்றைக்குப் பஸ்ஸில் முதல் வளைவிலேயே உதைக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் நிறுத்தவில்லை என்று. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். முக்கோணம் இல்லை, நான் பார்த்தேன், இருக்கிறது என்று உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும் அண்ணி. நானுந்தான் பாத்தேன்" என்றாள். "முன்னாடி நின்னுகினு இருந்தாளே, அவ புள்ளய அடிக்கக் கையத் தூக்குனப்போ அக்குள் சந்துல தெரிஞ்சுது. மூல காலி."

அப்புறம் எதற்கடி என்னைக் கேட்டாய் என்றேன். இல்லை என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் கேட்டாளாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கட்டில்லை என்று தெரிந்தும் எப்படி உட்கார்ந்தாய் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நான் கேட்கத் தகுதியில்லாத கேள்வி அது. ஆனாலும் கேட்டேன்.

"வூட்டுல பயம் முடியவே மாட்டேங்குது அண்ணி. குந்துனா பயம், எழுந்தா பயம். துணியில ரத்தம் இருக்குதான்னு நாளைக்குப் பத்து தபா பாக்கறேன். தேட்டர்ல எவ்ளோ பயந்தாலும் கடைசில லைட்டப் போட்டுடுறாங்க. எனக்கு ரெண்டு தபா லைட்டே போடலியே."

அவள் அழவில்லை. காய்ந்த பலா இலை ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன், இவள் எதற்காக அங்கே வந்து உட்கார்ந்தாள் என்பதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பேச்சை மாற்றுவதற்காக ஆபரேட்டர் சொன்னதைச் சொன்னேன். முக்கோணம் என்றால் வெட்டியதற்கு அடையாளம், நாம் பார்த்தது முழுப் படம் என்று. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். அந்த ஒன்பது படத்திலும் வெட்டினார்களா என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கக்கூடும், ஜனங்களின் நல்லதுக்குத்தான் என்று, எனக்கே நம்பிக்கை இல்லாமல், ஆபீசர்களுக்காகப் பரிந்து பேசினேன்.

"புள்ளைங்களுக்கு வேணாம், செரி. நாம புள்ளைங்களா?" என்றாள். "நான் எவ்ளோ பயப்படலாம்னு அளந்து ஊத்த அவங்க யாரு அண்ணி?"

பத்தாவது பாஸ் செய்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. பிற்பாடு பேப்பரில் சென்சார் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். பலாமரத்தடியில் கேட்டதற்குமேல் ஒருத்தரும் கேட்கவில்லை.

வளைகாப்பு முடிந்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஏழாம் மாதம் கடந்தது. எட்டும் கடந்தது. ஒன்பதாம் மாதக் கடைசியில் ஒரு நாள் விடிகாலை வலி எடுத்து, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மாப்பிள்ளை வந்துவிட்டார், அவருடைய அம்மாவும் வந்துவிட்டார். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே எல்லோரும் நின்றோம். வெயில் ஏறியது. உள்ளே அவளுடைய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோதும் இப்படித்தான் ஒன்றும் கேட்கவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவருடைய அம்மா, அந்த அம்மாதான், என் கையைப் பிடித்தார். இரும்புப் பிடி. நாங்கள் சேர்ந்து பார்த்த பத்துப் படத்திலும் அப்படி ஒரு நிசப்தம் இல்லை.

அப்புறம் பிள்ளை அழுதது. ஆஸ்பத்திரியே அதிர்கிற மாதிரி அழுதது.

பெண் பிள்ளை. எங்களை உள்ளே விட்டபோது நாத்தனார் வெளிறிப்போய், முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருட்டலுக்குள் அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"லைட்டப் போட்டுட்டாங்க அண்ணி" என்றாள்.

எந்த லைட்டுடி, அது காலையிலேருந்து எரிஞ்சிகினுதான இருக்குது என்றார் என் மாமியார்.